தள்ளுவண்டியா, தூக்குவண்டியா?

குழந்தையை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகும் வண்டிக்கு நம்மிடையே நிலையான பெயர் இன்னும் அமையவில்லை. தள்ளுவண்டி என்றால் இட்லிக்கடையும் கொய்யாப்பழமும்தான் கண்முன் வருகின்றன. கடையில் ஸ்ட்ரோலர் என்கிறார்கள். என் வயதுக்காரர்கள் ப்ராம் என்பார்கள். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அதனால் எனக்கு முதலில் தெரிந்த பெயர்கள் வேறு. கைக்குழந்தை படுத்தபடி போவது லாந்தோ. கொஞ்சம் வளர்ந்த குழந்தை உட்கார்ந்து போவது புசெத். லாந்தோ என்ற பெயர், ஜெர்மனியில் உள்ள லாண்டாவ் என்ற ஊரின் பெயரால் வழங்கிய, கூரை மடங்கும் குதிரை வண்டியிலிருந்து வந்தது. புசெத் என்பது 'தள்ளு' என்ற வினைச்சொல்லிலிருந்து வந்தது. ஆக, அதுவும் தள்ளுவண்டிதான்!

1950-களின் கடைசியில் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் எங்கள் பிரெஞ்சு ஆசிரியர் ஒருவரின் மனைவி மாலை வேளைகளில் லாந்தோவைத் தள்ளிக்கொண்டு வருவார். பெரிய பெரிய சக்கரங்கள், கறுப்புக் கூரை. சாலை மேசை போலச் சமமாக இருக்கும். வண்டி சத்தமில்லாமல் உருண்டு வரும். அந்த அம்மாள் அதை ஒரு தடவைகூடத் தூக்கி நான் பார்த்ததில்லை. தூக்க வேண்டிய இடமே அங்கே இல்லை.

இந்தப் பெயர் ஆராய்ச்சி எல்லாம் எதற்கு என்கிறீர்களா? போன வருஷம் என் பேத்திக்கு ஒரு வண்டி பார்த்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இந்த வயதில் நமக்கு இப்படிப்பட்ட வேலைகள்தானே வருகின்றன. ஆனால் இது விளையாட்டுச் சாமான் வாங்குகிற வேலை அல்ல. என் மகள் வேலைக்குத் திரும்பிப் போவதா, விடுவதா என்பது அந்த வண்டியில் வந்து நின்றது.

மகளும் மருமகனும் படப்பையில் எங்களோடுதான் இருக்கிறார்கள். மருமகனுக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. மகளுக்கு அலுவலகம் கிண்டியில். மகப்பேறு விடுப்பு இப்போது 26 வாரம். 2017-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு வந்தது இது. அதற்கு முன் 12 வாரம்தான். அதே திருத்தத்தில் இன்னொரு நல்ல காரியமும் செய்தார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம். மகளின் அலுவலகத்தில் அந்தக் காப்பகம் உண்டு. க்ரெஷ் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதுவும் பிரெஞ்சுச் சொல்தான். தொழுவத்தில் மாட்டுக்குத் தீவனம் வைக்கும் தொட்டி என்று பொருள். குழந்தை யேசுவைக் கிடத்திய தொட்டி அது.

தொட்டி கிண்டியில் இருக்கிறது. குழந்தை படப்பையில் இருக்கிறது. சிக்கல் அங்கேதான்.

வீட்டில் ஆளுக்கு ஒரு யோசனை. "நான் பாத்துக்கறேன், பச்சக் குழந்தைய எதுக்கு அலைக்கழிக்கணும்?" என்றாள் என் மனைவி. அவளுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். தவழ ஆரம்பித்த குழந்தையின் பின்னால் ஓட அவளால் ஆகாது, என்னாலும் ஆகாது. உறவுக்காரர் ஒருவர், "ரெண்டு வருஷம் வேலைய விட்டுட்டு வீட்ல இருக்கட்டுமே" என்றார். மகள் அவருக்குப் பதில் சொல்லவில்லை. அவர் போன பிறகு என்னிடம் கேட்டாள். "ரெண்டு வருஷம் கழிச்சு யாருப்பா என்னைக் கூப்பிட்டு வேலை குடுப்பாங்க?" தினமும் வாடகைக் காரில் போய்வந்தால் சம்பளத்தில் பாதி அதற்கே சரியாகிவிடும். கடைசியில் அவளே முடிவு செய்தாள். "பஸ்லயும் ட்ரெயின்லயும்தான் போகப் போறேன். ஆனா பாப்பாவ முழு தூரமும் இடுப்புல வெச்சுக்கிட்டுப் போக முடியாது. வண்டி வேணும். நீங்க பாத்துச் சொல்லுங்கப்பா."

நான் உத்தியோகம் முழுவதும் கோப்புகளோடு வாழ்ந்தவன். கடைக்குப் போவதற்கு முன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவள் போகும் வழியில் நானே ஒரு நாள் போனேன். எங்கே எத்தனை நிமிடம், எங்கே எத்தனை படி என்று குறித்துக்கொண்டேன். வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் 9 நிமிட நடை. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் பஸ் ஏறி, மண்ணிவாக்கம், முடிச்சூர் வழியாகத் தாம்பரம். நெரிசலைப் பொறுத்து முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். பஸ்ஸிலிருந்து இறங்கிப் பிளாட்பாரம் போய்ச் சேர 7 நிமிடம். நடுவில் படிகள். தாம்பரத்துக்கு அப்புறம் எட்டாவது ஸ்டேஷன் கிண்டி. சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, பிறகு கிண்டி. ஏறக்குறைய அரை மணி. அங்கிருந்து அலுவலகம் 12 நிமிட நடை.

வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தேன். பஸ்ஸும் ரயிலும் சேர்ந்து ஒரு மணி 15 நிமிடத்திலிருந்து ஒன்றரை மணி. நடை மொத்தம் 28 நிமிடம். அதிலும் படிகள் போக, வண்டியை உருட்டக்கூடிய நேரம் அரை மணிகூட இல்லை. வண்டி குழந்தையைச் சுமக்கப் போவது அரை மணி. மீதி நேரம் முழுக்க வண்டி ஒரு சுமை. ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், இடித்துக்கொள்ளாமல் ஓர் ஓரத்தில் வைக்க வேண்டும்.

இந்தக் கணக்குதான் எனக்கு வழி காட்டியது. கடைகளிலும் விளம்பரங்களிலும் வண்டியைத் தள்ளித்தான் காட்டுகிறார்கள். பளிங்குத் தரையில் எந்த வண்டியும் அழகாக ஓடும். பஸ், ரயில் என்று போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, தூக்கினால் எப்படி இருக்கிறது என்பதை.

அடுத்த நாள் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். புறப்பட நேரமிருந்த ஒரு பஸ்ஸில் படியின் உயரம், இருக்கைகளுக்கு நடுவே உள்ள வழி, இருக்கைக்கும் முன் இருக்கைக்கும் உள்ள இடைவெளி எல்லாவற்றையும் அளந்தேன். கண்டக்டர் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்ன சார், பஸ்ஸ விலைக்கு வாங்கப் போறீங்களா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். உடனே டேப்பின் மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார். முதல் படி என் முழங்கால் உயரம். நடுவழி 45 சென்டிமீட்டர். "மடக்கினது ஒரு சூட்கேஸ் அளவுக்கு இருந்தா நம்ம சீட்டுக்கு முன்னாடி நிக்கும் சார். அதுக்கு மேல போனா வழியில நிக்கும், எல்லாரும் திட்டுவாங்க" என்றார். எந்த விற்பனையாளரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

மடங்கும் வண்டியின் கதை சுவாரசியமானது. இங்கிலாந்தில் ஓவன் மெக்லாரன் என்று ஒரு விமான எஞ்சினியர் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் பேர்பெற்ற ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரப் பகுதியை வடிவமைத்ததில் அவருக்குப் பங்குண்டு. விமானம் ஏறியதும் சக்கரக் கால்கள் மடங்கி உள்ளே போய்விட வேண்டும். இறங்கும்போது நீண்டு எடையைத் தாங்க வேண்டும். பிற்காலத்தில் அவருடைய மகள் கைக்குழந்தையோடு மாஸ்கோவிலிருந்து வந்தபோது, அன்றைய கனமான வண்டியை வைத்துக்கொண்டு பயணத்தில் பட்ட பாட்டைச் சொன்னாராம். தாத்தா யோசித்தார். இலேசான அலுமினியக் குழாய்களைக் கொண்டு, குடை போல மடங்கும் ஒரு வண்டியைச் செய்து 1965-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. இன்று உலகம் முழுக்க விற்கும் குடை மடிப்பு வண்டிகளுக்கெல்லாம் அதுதான் மூத்தது. பேரக்குழந்தைக்கு வண்டி தேடிய தாத்தாக்களில் நான் முதல் ஆள் இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி.

இப்போது கிடைக்கும் வண்டிகளை நான் நான்காகப் பிரித்துக்கொண்டேன். முதலாவது, பெரிய வண்டி. குழந்தை முழுக்கப் படுக்கலாம், அடியில் பெரிய கூடை இருக்கும். எடை 10 கிலோவுக்கு மேல். காரும் லிஃப்ட் உள்ள வீடும் இருப்பவர்களுக்கு ஏற்றது. இரண்டாவது, காற்றடைத்த டயர் கொண்ட மூன்று சக்கர வண்டி. மேடுபள்ளத்துக்கு இதை மிஞ்ச ஆளில்லை. மூன்றாவது, மெக்லாரன் வழிவந்த குடை மடிப்பு. இலேசானது, விலையும் குறைவு. ஆனால் மடித்தால் நீளமான கம்புக் கட்டு போல ஆகும். நெரிசலில் பக்கத்தில் இருப்பவர் கணுக்காலைப் பதம் பார்க்கும். நான்காவது, விமானத்தில் கைப்பெட்டி வைக்கும் இடத்தில் அடங்கும்படி மூன்றாக மடங்கும் கையடக்க வண்டி. பிரான்ஸைச் சேர்ந்த பேபிசென் என்ற நிறுவனம் 2012-இல் யோயோ என்ற பெயரில் இப்படி ஒன்றைக் கொண்டுவந்து இந்த வகையைப் பிரபலமாக்கியது. எடை 6 கிலோவை ஒட்டி. இப்போது நம் நாட்டுக் கம்பெனிகளும் இதே மாதிரி செய்கின்றன.

பக்கத்து வீட்டுக்காரர், அமெரிக்காவிலிருந்து அவர் மகன் கொண்டுவந்து விட்டுப்போன மூன்று சக்கர வண்டியைப் பார்க்கக் கொடுத்தார். 12 கிலோ. எங்கள் தெருவில் பாதி தார், பாதி மண். அதில் அந்த வண்டி ராஜா போலப் போயிற்று. பேத்தி தூங்கியே விட்டாள். நிறுத்தத்தில் பஸ் வந்தது. மகள் ஒரு கையில் குழந்தையை எடுத்துக்கொண்டு மறு கையால் வண்டியை மடிக்கப் பார்த்தாள். இரண்டு கை இல்லாமல் அது மடங்காது. நான் மடித்துக் கொடுத்தேன். முதல் படிக்கு மேல் அவளால் அதைத் தூக்க முடியவில்லை. டிரைவர் பொறுமையாகத்தான் இருந்தார். பின்னால் நின்றவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் முகம் வாடிவிட்டது. "நீங்க போங்கண்ணே, நான் அடுத்ததுல வர்றேன்" என்று பஸ்ஸை அனுப்பிவிட்டாள். திரும்பி நடக்கும்போது எதுவுமே பேசவில்லை. அன்று ராத்திரி என் மனைவி அவளிடம், "வேணாண்டி, விட்டுடு" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

அடுத்த வாரம் கடைக்கு மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போனேன். விற்பனைப் பையன் துணியின் நிறத்தைப் பற்றியும் குவளை வைக்கும் வளையத்தைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தான். நான் நோட்டைத் திறந்து வரிசையாகக் கேட்டேன். எடை எவ்வளவு? இடது கையில் குழந்தை இருக்க, வலது கை ஒன்றால் மடிக்க முடியுமா? மடித்த பிறகு தானாக நிற்குமா, சாய்ந்து விழுமா? தோளில் மாட்டப் பட்டை உண்டா? மடித்த அளவு என்ன? தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கவட்டி ஒன்று என்று ஐந்து முனைகளில் பூட்டும் வார் உண்டா? பிரேக் ஒரே மிதியில் இரண்டு பின்சக்கரத்தையும் பிடிக்குமா? பையன் பாதியில் உள்ளே போய் முதலாளியைக் கூட்டிவந்துவிட்டான்.

கீல்களைக் குறிப்பாகப் பார்த்தேன். 2009-இல் அமெரிக்காவில் குடை மடிப்பு வண்டிகள் சுமார் 10 லட்சத்துக்குத் திரும்ப அழைப்பு விட்டார்கள். விரிக்கும்போது கீலில் மாட்டி 12 குழந்தைகளின் விரல் நுனி துண்டான பிறகு, கீலை மூடும் உறைகளை இலவசமாகக் கொடுத்தார்கள். கீல் மூடியிருக்கிற வண்டியாகப் பாருங்கள். மூடியிருந்தாலும், விரிக்கும்போதும் மடிக்கும்போதும் குழந்தையின் கை பக்கத்தில் இருக்கக் கூடாது.

கடைசியில் 6 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான ஓர் உள்நாட்டுக் கையடக்க வண்டி முடிவாயிற்று. விலை பத்தாயிரத்தை ஒட்டி. சக்கரங்கள் சின்னவை என்பது அதன் குறை. மண்ணில் புதையும். அதற்கும் வழி இருக்கிறது. மணல் பகுதி வந்தால் தள்ளக் கூடாது. வண்டியைத் திருப்பிவிட்டுப் பின்னோக்கி இழுக்க வேண்டும். முன்சக்கரம் மண்ணைக் குத்தாமல் பின்னாலேயே வந்துவிடும். காய்கறி வண்டிக்காரர்கள் செய்வதுதான். ஒன்பது நிமிட நடையில் ஒரு நிமிடம் இப்படி இழுப்பதற்காக, இன்னொரு ஆறு கிலோவைத் தினமும் சுமக்க முடியாது என்று மகள் சொன்னாள். சரிதான்.

இலேசான வண்டிக்கு இன்னொரு குணம் உண்டு. கைப்பிடியில் பையை மாட்டிவிட்டுக் குழந்தையை எடுத்தால் அப்படியே பின்னால் கவிழும். அதனால் பை எப்போதும் முதுகில்தான். வெயிலுக்குப் போர்வையைப் போட்டு வண்டியை மூடுவதும் கூடாது. காற்றோட்டம் அடைபட்டு உள்ளே வெப்பம் ஏறிவிடும். கொசுவலைத் துணி போதும்.

ரயில் பிளாட்பாரத்தில் இரண்டு விதிகள் வைத்துக்கொண்டோம். வண்டி தண்டவாளத்துக்கு இணையாக நிற்க வேண்டும், அதன் முகம் தண்டவாளத்தைப் பார்க்கக் கூடாது. பிரேக் போட்ட பிறகும் ஒரு கை கைப்பிடியில் இருக்க வேண்டும். 2009-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் தாய் ஒரு கணம் கையை எடுத்தபோது வண்டி தானாக உருண்டு, வந்துகொண்டிருந்த ரயிலின் முன் விழுந்தது. குழந்தை சிறு காயத்தோடு தப்பியது அதிர்ஷ்டம். பிளாட்பாரம் கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் சக்கரத்துக்குச் சரிவு தெரியும்.

தாம்பரத்தில் புறப்படும் ரயிலாகப் பார்த்து ஏறினால் அவசரமில்லை. இறங்குவதுதான் கஷ்டம். நடுவழி ஸ்டேஷன்களில் ரயில் அரை நிமிடம்போலத்தான் நிற்கும். அதனால் பரங்கிமலை தாண்டியதுமே எழுந்து, மடித்த வண்டியைத் தோளில் மாட்டி, குழந்தையை எடுத்துக்கொண்டு வாசலருகே வந்துவிடுவது என்று வைத்துக்கொண்டாள். நகரும் படிக்கட்டில் குழந்தையை வண்டியோடு ஏற்றுவதில்லை. அங்கேயும் மடித்து, கையில் எடுத்துத்தான்.

முதல் மூன்று நாள் நானும் கூடப் போனேன், ஆனால் கை கொடுக்கக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. நான் நாலு ஆள் தள்ளி நின்று பார்த்துக்கொண்டு வந்தேன். நம் ஊர்ப் பஸ்ஸில் குழந்தையை மடியில் வாங்கிக்கொள்ள யாராவது கை நீட்டாமல் இருக்க மாட்டார்கள். முதல் நாள் பூக்கூடையோடு இருந்த ஒரு அம்மா வாங்கிக்கொண்டார். இரண்டாம் நாள் ஒரு கல்லூரிப் பெண். மூன்றாம் நாள் கூட்டம் அதிகம், யாரும் கவனிக்கவில்லை. அவளே ஏறினாள், கம்பியில் சாய்ந்துகொண்டாள், பிறகுதான் இடம் கிடைத்தது. "யாராவது ஒத்தாசை பண்ணா சந்தோஷம்ப்பா. ஆனா அத நம்பி வண்டி வாங்க முடியாது, பாத்தீங்களா" என்றாள். நாலாம் நாள் தனியாகப் போனாள். என் மனைவி காலை ஏழரையிலிருந்து கைபேசியைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை. "பஸ் ஏறிட்டேன்." "ட்ரெயின்ல இருக்கேன்." "பாப்பாவ விட்டுட்டேன், சிரிச்சிட்டே போயிட்டா." கடைசிச் செய்தியைப் படித்துவிட்டு என் மனைவி எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள். அன்றைக்கு நாங்கள் காபி குடித்தபோது மணி பத்து.

இவ்வளவு கணக்கும் படிக்கட்டு இருப்பதால் வந்தது. மெட்ரோவில் இந்தத் தொல்லை கிடையாது. ஸ்டேஷன்தோறும் லிஃப்ட், பிளாட்பாரமும் பெட்டியின் தரையும் ஒரே மட்டம். குழந்தை தூங்கினால் தூங்கியபடியே போகலாம். பஸ்ஸிலும் மாற்றம் வந்துகொண்டிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் போராடுகிறவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய் விடாமல் வழக்காடிய பிறகு, மாநகர் போக்குவரத்துக் கழகத்தில் 2024-இல் தாழ்தளப் பேருந்துகள் மறுபடி வந்தன. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரத் தாழ்தளப் பேருந்துகள் புறப்பட்டன. தாழ்தளம் என்றால் உள்ளே தரை, சாலையிலிருந்து 400 மில்லிமீட்டர் உயரம்தான், அதாவது ஒரு முழத்துக்கும் குறைவு. நிறுத்தத்தில் பஸ் ஒரு பக்கமாகத் தாழ்ந்து கொடுக்கும். சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்பலகையும் உண்டு. என் மகள் ஏறும் நேரத்துக்கு எங்கள் தடத்தில் வருவது இன்னும் படிக்கட்டு பஸ்தான்.

தாழ்தளப் பேருந்து வந்துவிட்டால் மடங்காத பெரிய வண்டியே வாங்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். அப்போதும் மடங்குவதைத்தான் வாங்க வேண்டும் என்றேன். அதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கைச் சொன்னேன். 2012 பிப்ரவரியில் வெதர்பி என்ற ஊரிலிருந்து லீட்ஸ் போகும் பஸ்ஸில் சக்கர நாற்காலியில் வந்த டக் பாலி என்பவர் ஏற முயன்றார். நாற்காலிக்கான இடத்தில் ஒரு தாய், தூங்கும் குழந்தையோடு வண்டியை நிறுத்தியிருந்தார். டிரைவர் கேட்டதற்கு, இந்த வண்டி மடங்காது என்று சொல்லி நகர மறுத்துவிட்டார். பாலி ஏற முடியவில்லை, லீட்ஸில் ரயிலும் தவறிவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2017 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. டிரைவர் ஒரு தடவை கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதாது, மறுப்பு நியாயமில்லை என்று தோன்றினால் மேலும் வலியுறுத்த வேண்டும் என்றார்கள். அந்தத் தாய் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. தூங்கும் குழந்தையை எழுப்ப யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் அந்த இடம் வழக்காடி வாங்கிய இடம். நாற்காலியில் வருகிறவரால் அதை மடித்துக்கொண்டு நிற்க முடியாது. நம் வண்டி மடங்கினால் இரண்டு பேரும் போகலாம்.

பஸ் மாறினாலும் நடைபாதை மாறாவிட்டால் பயனில்லை. இந்திய சாலைக் குழுமத்தின் வழிகாட்டு நெறிப்படி நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும், விளிம்புக் கல்லின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தாலும் ஒதுங்கிப் போகலாம். ஒரகடத்திலிருந்து கன்டெய்னர் லாரிகள் வரிசையாக வரும் சாலையோரத்தில் பேத்தியின் வண்டி போகும்போது, அந்த 1.8 மீட்டரைப் பற்றித்தான் யோசிக்கிறேன். மகள் வண்டியை எப்போதும் சாலையின் வலது ஓரமாகத்தான் தள்ளுகிறாள், எதிரே வரும் வாகனம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று.

பேரன் பேத்திக்கு வண்டி வாங்கும் எண்ணம் உள்ள நண்பர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். இணையத்தில் படம் பார்த்து வாங்கி அனுப்பிவிடாதீர்கள். மகளையோ மருமகளையோ குழந்தையோடு கடைக்கு அழைத்துப் போங்கள். குழந்தை இடுப்பில், பை முதுகில். ஒரே கையால் வண்டியை மடித்து, தோளில் மாட்டி, கடைவாசல் படியை மூன்று தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். மூன்றாம் தடவையும் அவர்களுக்கு மூச்சு வாங்கவில்லை என்றால் பணத்தைக் கொடுங்கள். தாத்தா தூக்கிப் பார்த்து "இலேசாத்தான் இருக்கு" என்று சொல்வது கணக்கில் சேராது.